பவுனுக்கு முட்டை அடைத்திருக்கிறதா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். மொட்டை மாடியில் ஐந்து கோழிகள் வளர்க்கிறோம். மூன்று நாட்டுக்கோழி, இரண்டு பண்ணையில் வாங்கிய பிரவுன் கோழி (பிவி 380 என்று சொல்லிக் கொடுத்தார்கள்). பிரவுனில் ஒன்றுக்கு என் மகள் பவுனு என்று பெயர் வைத்திருக்கிறாள். வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, அநேகமாகத் தினமும் முட்டை இடும். நான்கு நாளுக்கு முன்பு ஓடே இல்லாமல் தோல்முட்டை போட்டது. அப்புறம் முட்டை இல்லை. இன்று விடிந்ததிலிருந்து முட்டைக் கூடையில் போய் உட்காருவதும் எழுந்து வருவதுமாகவே இருக்கிறது. மதியத்துக்கு மேல் வாலைத் தொங்கப்போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிறது. அரிசி போட்டால் முதலில் ஓடிவரும் கோழி, இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமியார் "முட்டை அடைச்சிருக்கு" என்று வாயில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றினார். பக்கத்து வீட்டுக்காரர், "சாகறதுக்குள்ள அறுத்துடுங்க" என்கிறார். காப்பாற்ற முடியுமா? அதற்கு வலிக்குமா என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வணக்கம் அம்மா. இதழ் வரும்வரை பவுனு காத்திருக்காது என்பதால் இதை இன்று மாலையே உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அச்சில் பிறகு வரட்டும்.

காப்பாற்ற வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்கள் மாமியாரின் கணிப்பு சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும், அதுவும் இன்று இரவே. சிக்கிய முட்டையோடு ஒரு முழு நாள் போனால் கோழி தளர்ந்துவிடும். இரண்டு நாள் போனால் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

விளக்கெண்ணெய் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாயில் ஊற்றிய எண்ணெய் இரைப்பைக்குப் போய், அங்கிருந்து குடலுக்குப் போகும். முட்டை இருக்கும் குழாய் வேறு, குடல் வேறு. இரண்டும் கடைசி இரண்டு அங்குலத்தில், எச்சம் வெளியேறும் அந்த வாசலில்தான் ஒன்று சேர்கின்றன. ஆகவே வாய் வழியாக எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் முட்டைக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. கழிச்சல்தான் பிடுங்கும், ஏற்கெனவே வாடிப்போன உடம்பில் இருக்கிற நீரும் போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, மூச்சுக்குழலின் வாய் கோழிக்கு நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. கரண்டியால் ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பவுனு இப்போது வாயைத் திறந்து மூச்சு வாங்கவில்லை, மார்பில் கரகர சத்தம் இல்லை என்றால் தப்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரிடம் இதைக் குற்றமாகச் சொல்ல வேண்டாம். நோயைக் கண்டுபிடித்தது அவர்தானே. எண்ணெய் தேவைதான், மறுமுனையில்.

சரி, அடைப்புதானா என்று எப்படிப் பார்ப்பது?

வாலைத் தொங்கப்போட்டு நிற்கிற கோழிக்கெல்லாம் முட்டை அடைப்பு இல்லை. கோழிக்கு எந்த நோய் வந்தாலும் காட்டுகிற முகம் ஒன்றுதான்: சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு மூலையில் நிற்கும். அதனால் கோழியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள், நான் சொல்வதையும் சேர்த்து.

முதலில் கழுத்தின் கீழே, நெஞ்சுக்கு மேலே உள்ள இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி கெட்டியாகவோ, தண்ணீர் நிரம்பிய பலூன் மாதிரி தளதளவென்றோ இருந்தால் சிக்கல் அங்கே. மாடியில் வளரும் கோழிகள் நைலான் கயிற்றுத் துண்டு, தென்னைநார் எல்லாவற்றையும் விழுங்கி வைக்கும். அடுத்து எச்சம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மற்ற கோழிகளும் சோர்ந்திருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயோ என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு நான் பின்னால் சொல்லப்போகும் வெந்நீரும் கிடையாது, கால்சியமும் கிடையாது. உடனே தனியாகப் பிரித்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டியதுதான். உங்கள் மற்ற நான்கும் நன்றாக இருப்பதாகத் தெரிவதால் அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. அடைக்கு உட்காருகிற கோழியும் கூடையை விட்டு நகராதுதான். உங்கள் பக்கத்தில் அவயம் என்பீர்கள். ஆனால் அது கூடையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்து, கை நீட்டினால் கொத்த வரும். பவுனு மாதிரி உட்கார்ந்து எழுந்து தவிக்காது. தவிர, இந்தப் பிரவுன் இனங்களில் அடை உட்காரும் குணத்தையே வளர்ப்பாளர்கள் பெரும்பாலும் கழித்துவிட்டார்கள்.

இனி முக்கியமான சோதனை. தயங்காதீர்கள், இரண்டு நிமிட வேலைதான். நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மெல்லிய கையுறை இருந்தால் நல்லது. உங்கள் கணவரோ மாமியாரோ கோழியை மடியில் வைத்து, இறக்கையோடு சேர்த்து அணைத்துப் பிடிக்கட்டும். தலைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் அடங்கிவிடும். முதலில் வெளியிலிருந்து: வாலுக்குக் கீழே, இரண்டு பக்கமும் குச்சி போல எலும்பு தட்டுப்படும். அந்த இரண்டு எலும்புக்கும் நடுவில், அடிவயிற்றை உள்ளங்கையால் தாங்கிப் பாருங்கள். அழுத்தக் கூடாது, தாங்கினால் போதும். முட்டை வாசலுக்கு அருகில் இருந்தால் எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டுத் தொடுகிற மாதிரி கெட்டியாகத் தெரியும்.

தெரியவில்லை என்றால் விரல். ஆள்காட்டி விரலில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, வாசலுக்குள் மெதுவாக, நேராக, முதுகுக்கு இணையாக விடுங்கள். கோழி ஒருமுறை இறுக்கும், நிறுத்துங்கள். தளரும்போது தொடருங்கள். இரண்டு அங்குலம் போதும். முட்டை இருந்தால் விரல் நுனியில் வழுவழுவென்றோ, சொரசொரப்பாகவோ ஒரு கெட்டிப் பொருள் இடிக்கும். அதில் சந்தேகமே வராது. கெட்டியாக இல்லாமல், தண்ணீர் பலூன் மாதிரி அமுங்கினால் அது தோல்முட்டை. நான்கு நாளுக்கு முன்பு ஒன்று போட்டதாக எழுதியிருக்கிறீர்களே, இப்போதும் அப்படி ஒன்று இருக்கலாம். ஓடுள்ள முட்டையைவிடத் தோல்முட்டை வெளியே வரத்தான் அதிகம் கஷ்டப்படும். கெட்டியாக இருந்தால் சதை அதைப் பிடித்துத் தள்ளும். அமுங்குகிற ஒன்றை எப்படித் தள்ளும்? பற்பசை டியூபை நடுவில் பிடித்து அமுக்கின கதையாகிவிடும்.

விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆனால் அடிவயிறு உப்பிப் போய்த் தண்ணீர்ப் பை மாதிரி தளும்புகிறது என்றால் விஷயம் வேறு. மஞ்சள் கரு முட்டைக்குழாயின் வாயில் விழாமல் வயிற்றுக்குள் விழுந்து, அங்கே கிருமி பிடித்துச் சீழ் வைத்திருக்கலாம். அதிக முட்டை இடும் இனங்களில் ஒன்றரை, இரண்டு வயதில் இது அடிக்கடி வருகிறது. வெளிப்பார்வைக்கு முட்டை அடைப்பு மாதிரியே நிற்கும். இந்த நிலைமையில் வெந்நீர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பது நேரத்தை வீணடிப்பது. காலையில் முதல் ஆளாகக் கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். மனதையும் கொஞ்சம் தயார் செய்துகொள்ளுங்கள், அதில் பிழைப்பது குறைவு.

முட்டை தட்டுப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது நாம் என்ன செய்கிறோம் என்பது புரிந்தால் எதைச் செய்யக் கூடாது என்பதும் தானாகப் புரியும். முட்டை அடைத்துக்கொண்டது என்றதும் எல்லோரும் வாசல் சிறிது, முட்டை பெரிது என்று நினைக்கிறார்கள். முதல் முட்டை இடும் வெடைக்கோழிக்கும், இரட்டைக் கரு முட்டைக்கும் அது சரி. ஒன்றரை வருடமாகத் தினமும் இட்டுக்கொண்டிருந்த பவுனுக்கு வாசல் திடீரென்று சிறுத்துப் போகாது. தள்ளுகிற சதைக்குத்தான் பலம் போயிருக்கிறது. சதை சுருங்கி விரிவதற்குக் கால்சியம் வேண்டும். அது இரத்தத்தில் குறைந்துபோனால் முட்டைப்பை சுருங்காமல் சோம்பிக் கிடக்கும். ஓடு போடவும் கால்சியம் போதவில்லை என்பதற்கு அந்தத் தோல்முட்டையே சாட்சி. ஆக நாம் செய்ய வேண்டியது மூன்றே: சதைக்குச் சூடு, சதைக்குக் கால்சியம், அது தன் வேலையைச் செய்யத் தொந்தரவில்லாத நேரம். இழுப்பது, பிதுக்குவது எல்லாம் இந்தக் கணக்கில் வரவே இல்லை, பாருங்கள்.

ஒரு அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் கோழியின் வயிறு முழுகும் அளவுக்குத் தண்ணீர் எடுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் விளாவுவோமே, அந்தச் சூடு. முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுரீர் என்று இருக்கக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ். கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரி என்பதால் நமக்கு வெதுவெதுப்பாகத் தெரிவதைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே அதற்குப் பிடிக்கும். அதில் பவுனை உட்கார வையுங்கள். முதலில் படபடக்கும், முதுகில் கையை வைத்துக்கொண்டு இருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பல கோழிகள் கழுத்தைத் தளர்த்தி, கண்ணைச் செருகி, தூங்கியே போய்விடும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். தண்ணீர் ஆறினால் ஓரமாக வெந்நீர் சேர்த்து, 15 முதல் 20 நிமிடம் அப்படியே வைத்திருங்கள்.

எடுத்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். ஹேர் டிரையர் இருந்தால் மிதமான சூட்டில், கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு விட்டால் குளிர் பிடித்துப் போட்ட சூடெல்லாம் வீண். பிறகு வாசலுக்குள் விரல் நுனியால் தேங்காய் எண்ணெயைத் தடவிவிடுங்கள். மாமியாரிடம் விளக்கெண்ணெய் மிச்சம் இருந்தால் அதையே தடவலாம், இன்னும் வழவழப்பு.

கால்சியம். கால்நடை மருந்துக் கடையில் கோழிகளுக்கென்றே கால்சியம் டானிக் கிடைக்கும்; புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி கொடுங்கள். இந்த நேரத்தில் கடை கிடைக்கவில்லை என்றால் வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் 500 மில்லிகிராம் கால்சியம், வைட்டமின் டி3 சேர்ந்த மாத்திரை இருக்கிறதா பாருங்கள். பாதி மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, அலகின் ஓரத்தில் துளித்துளியாக விடுங்கள். அது நாக்கை அசைத்து விழுங்கிய பிறகுதான் அடுத்த துளி. மீதிப் பாதியை விடியற்காலையில். தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கரண்டி வெல்லமும் கரைத்து வைத்தால் குடிக்கும். காலையிலிருந்து சாப்பிடாத உடம்புக்கு அது தெம்பு.

அப்புறம் இருட்டு. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைக்கோலோ பழைய துணியோ போட்டு, உள்ளே விட்டு மூடி, வீட்டுக்குள் சத்தமில்லாத அறையில் வையுங்கள். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தால், சூடு அதிகமென்று பட்டால் கோழியே மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். மற்ற கோழிகளோடு விடவே வேண்டாம். முக்கி முக்கிச் சிவந்துபோன இடத்தைப் பார்த்தால் அவை கொத்திக் குடலையே இழுத்துவிடும். இந்த விஷயத்தில் கோழிகளுக்குச் சொந்தபந்தம் கிடையாது.

இரண்டு மணி நேரம் கழித்தும் முட்டை வரவில்லை என்றால் இன்னொரு தடவை தொட்டி. படுக்கப் போகும் முன் கடைசியாக ஒரு தடவை. பெரும்பாலான முட்டைகள் இப்படியே இரவோ விடியற்காலையோ வந்துவிடும்.

இனி செய்யக் கூடாதது. நான் படிப்பு முடித்துவந்த புதிதில் ஒரு விவசாயி, கறுப்புக் கோழி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். வாசலில் ஓடு தெரிந்தது, வெள்ளையாக ஒரு ரூபாய் அளவுக்கு. இன்னும் கொஞ்சம்தான், தள்ளிவிடலாம் என்று இரண்டு கட்டைவிரலாலும் அடிவயிற்றில் அழுத்தினேன். சின்னதாக ஒரு சத்தம், அப்பளம் நொறுங்குகிற மாதிரி. உள்ளே ஓடு சில்லுச் சில்லாக உடைந்து, ஒவ்வொன்றும் பிளேடு போல குழாயைக் கீறிவிட்டது. எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துக் கழுவி மருந்து போட்டும் மூன்றாம் நாள் கோழி போய்விட்டது. அந்த விவசாயி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் சங்கடம். அன்றிலிருந்து அடைப்புக் கோழியை அழுத்துவதில்லை.

அழுத்தாதது போலவே, இழுக்கவும் கூடாது. முட்டையை விரலால் கொக்கி போட்டு இழுத்தால் முட்டைக்குழாயே சட்டைக் கை மாதிரி புரண்டு வெளியே வந்துவிடும். அப்படி ஏற்கெனவே சிவப்பாகச் சதை வெளியே தொங்கினால் சுத்தமான, ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவி, காயவிடாமல் ஈரத்துணி போட்டு, உடனே மருத்துவரிடம். நடு இரவாகிவிட்டது என்றால் அதன்மேல் சர்க்கரையைத் தூவி வையுங்கள். வீக்கத்தில் உள்ள நீரை அது இழுத்துக்கொள்ளும், திரும்ப உள்ளே வைக்க எளிதாகும்.

இன்னொன்று, மாட்டுக்குப் பால் இறங்கப் போடுகிறார்களே, ஆக்சிடோசின் ஊசி. அதைக் கோழிக்கும் போட்டால் முட்டை வந்துவிடும் என்று உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். மாட்டுக்கு அப்படிப் போடுவதே தவறு. கோழியில் நாங்களும் பயன்படுத்துகிறோம்தான், ஆனால் கால்சியம் ஏற்றிய பிறகு, முட்டை எங்கும் ஒட்டிக்கொள்ளவில்லை, வழி திறந்திருக்கிறது என்று பார்த்த பிறகு. வழி மூடியிருக்கும்போது அந்த ஊசி போட்டால் முட்டைப்பை கிழிந்துவிடும்.

நாளைக் காலை எட்டு மணிக்கும் முட்டை வரவில்லை என்றாலோ, அதற்கு முன்பே கால் தள்ளாடி நிற்க முடியாமல் போனாலோ, கொண்டை வெளுத்தோ நீலம் பாய்ந்தோ போனாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். முட்டை, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும்போதுதான் கால் இழுக்கும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் அல்லது மருத்துவமனைக்குப் பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டும் உதவி கேட்கலாம், அது கால்நடைகளுக்கான அவசர எண். "ஒரு கோழிக்காகவா வந்தீர்கள்" என்று யாராவது சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு, எத்தனை மணி நேரமாக அடைத்திருக்கிறது, விரலுக்கு என்ன தட்டுப்பட்டது, என்ன கொடுத்தீர்கள், இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள். விளக்கெண்ணெயையும் மறைக்க வேண்டாம். அங்கே கால்சியம் ஊசி போடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால், வாசலில் ஓடு தெரியும்படி விரித்து, ஊசியால் முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சி எடுப்பார்கள். காலியான ஓடு சுருங்கி, தானாக வரும் அல்லது துண்டு துண்டாகக் கவனமாக எடுப்பார்கள். நான் அன்று முரட்டுத்தனமாகச் செய்ததை முறையாகச் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டில் யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

முட்டை வந்துவிட்டது என்றால் பாதி வேலைதான் முடிந்தது. ஏன் அடைத்தது என்பதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த வாரம் திரும்ப இதே கடிதம் எழுதுவீர்கள்.

"அரிசி போட்டால் ஓடிவரும்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியில்தான் எனக்குக் காரணம் கிடைத்தது. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் எலும்புக்கூடு முழுவதையும் சேர்த்தாலே 20 கிராம் சொச்சம்தான். அதாவது ஒவ்வொரு முட்டைக்கும் தன் எலும்பில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு கால்சியத்தைப் பவுனு வெளியே அனுப்புகிறது. நாட்டுக்கோழி 12, 15 முட்டை இட்டுவிட்டு அடை உட்கார்ந்துவிடும். வருடத்துக்கு 60, 80 முட்டைதான், நடுவில் உடம்பு தேறிக்கொள்ளும். பவுனு இனம் முந்நூறை ஒட்டி இடும். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 600 கிராம், தன் எலும்புக்கூட்டைப் போல முப்பது மடங்கு. அரிசியிலோ 100 கிராமுக்குப் பத்து மில்லிகிராம் சுற்றி. நாள் முழுக்க அரிசியே தின்றாலும் ஓட்டில் ஒரு புள்ளி வைக்கக்கூடக் காணாது. கேழ்வரகு போடலாமா என்றால், தானியங்களில் அதுதான் கெட்டிக்காரன், 100 கிராமில் 340 மில்லிகிராம் சுற்றி. அதுவும் போதாது. தவிட்டிலும் மணிச்சத்துதான் (பாஸ்பரஸ்) கூடுதல். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதனால்தான் முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் சேர்க்கிறார்கள். நாமக்கல் பண்ணைகளில் ஒரு கோழி தினமும் நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே தின்று, நான்கு கிராம் கால்சியம் எடுத்துக்கொள்கிறது. அதில் பாதி ஓட்டில் சேர்கிறது. உங்கள் இரண்டு பிரவுனுக்கும் லேயர் தீவனம்தான் சாப்பாடு என்று வையுங்கள், கடையில் கேட்டால் லேயர் மேஷ் என்று கொடுப்பார்கள். அரிசி, மிச்ச சோறு எல்லாம் சாயங்காலம் ஒரு கைப்பிடி, ஆசைக்கு.

கூடவே கிளிஞ்சல். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பண்ணைக்காரர்களுக்குத் தெரியும், வீட்டில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முட்டை உருவாக ஆகும் 25 மணி நேரத்தில் ஓடு போட மட்டுமே 20 மணி நேரம் போகிறது. அதில் பெரும்பகுதி இரவில். அந்த நேரத்தில் கோழி தூங்குகிறது, தின்பதில்லை. பொடியாகக் கொடுத்த சுண்ணாம்பு சாயங்காலத்துக்குள் குடலைத் தாண்டிவிடும். ஓடு போடும் நேரத்தில் கையில் சரக்கு இல்லாமல் எலும்பைச் சுரண்ட வேண்டியதாகிவிடும். மிளகு அளவுக்கு உடைத்த கிளிஞ்சலைச் சாயங்காலம் ஒரு தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அது தீவனத்தை அரைக்கும் அரைப்பையில் தங்கி, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். தீவனத்தோடு கலக்க வேண்டாம். எவ்வளவு வேண்டும் என்று கோழிக்குத் தெரியும், தேவைப்பட்டது மட்டும் கொத்திக்கொள்ளும். நாட்டுக்கோழி மூன்றும் தொடாமல் போவதையும் பவுனு விழுந்து விழுந்து தின்பதையும் நீங்களே பார்க்கலாம். வீட்டு முட்டை ஓடுகளைக் காயவைத்து, வாணலியில் வறுத்து, நொறுக்கியும் போடலாம். வறுக்காமல் முட்டை வடிவம் தெரிகிறபடி போட்டால் முட்டையையே உடைத்துத் தின்னும் பழக்கம் வந்துவிடும்.

வெயிலும் வேண்டும். சாப்பிட்ட கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி தேவை. மாடிக் கூண்டு முழுக்கப் பச்சை வலையால் மூடியிருந்தால் காலை வெயில் ஒரு பக்கமாவது நேராக விழும்படி திறந்து விடுங்கள். ராத்திரி மாடியில் குழல்விளக்கு எரிகிறதா? இருந்தால் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் நீளநீளக் கோழி இன்னும் முட்டை இடப் பார்க்கும். பவுனுக்கு இப்போது நாம் வேண்டுவது நேர்மாறு. முட்டை வந்த பிறகு ஒரு வாரம் பத்து நாள் வெளிச்சத்தைக் குறைத்து, பகலில் எட்டு ஒன்பது மணி நேரம் போக மீதி நேரம் மங்கலான இடத்தில் வைத்தால் முட்டை நின்று, குழாய்க்கு ஓய்வு கிடைக்கும். கால்சியத்தை அப்போதும் நிறுத்த வேண்டாம்.

பிடித்துத் தூக்கும்போது நெஞ்செலும்பு தெரியாமல் கொழுகொழுவென்று இருந்தால் அதையும் கவனியுங்கள். கொழுப்பு கட்டிய கோழிக்கு அடைப்பு திரும்பத் திரும்ப வரும். அதற்கும் காரணம் அந்த அரிசிதான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், கிராமத்தில் கோழி என்றால் அதுதான் கணக்கு. ஆனால் எனக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, நோய் இன்னதென்று தெரியாமல் அறுத்துச் சாப்பிடுவது சரியில்லை. வயிற்றில் சீழ் வைத்த கோழியாக இருந்தால் கழுவுகிற கையிலிருந்தே கிருமி சமையலறைக்கு வந்துவிடும். மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அவர் சொல்லும் நாள் வரை முட்டையையும் சாப்பிடக் கூடாது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு, ஒருவேளை எல்லாம் செய்தும் தேறாமல், மூச்சு வாங்கிக்கொண்டு, துவண்டு கிடக்கிற நிலை வந்தால் அதை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். மருத்துவரிடமே கேட்டு வலியில்லாமல் முடித்துவிடலாம். அப்படி முடிவெடுத்தால் உங்களைக் குறைவாக நினைக்க எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கட்டம் இன்று இல்லை.

உங்கள் மகளின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுங்கள். ஆம், வலிக்கும். பறவைகள் வலியை மறைக்கும். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் அதைத்தான் வேட்டை விலங்குகள் முதலில் பிடிக்கும் என்பதால் வந்த பழக்கம். பவுனு வெளிப்படையாகவே தவிக்கிறது என்றால் வலி நிறையவே இருக்கிறது. தொட்டியில் உட்கார வைக்கும்போது முதுகில் கையை வைத்துக்கொள்ளும் வேலையை அவளுக்குக் கொடுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெட்டியில் வைத்த பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். இதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும். வேண்டுமானால் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளட்டும். முட்டை இட்ட கோழி சும்மா இருக்காது, கத்தித்தான் தீரும். சத்தம் கேட்டால் திறந்து பார்க்கலாம்.